பச்சை விளக்கு எரிந்த கண்ணாடி

மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, கண் ஆபரேஷன் செய்து வைத்தது நான்தான். என் கணவர் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார், மாமா பயந்துகொண்டே இருந்தார். நான்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு கண்ணிலும் புரையை எடுக்க வைத்தேன். அந்தப் புண்ணியத்துக்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று மாமா நடுக்கூடத்தில் நின்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நிற்கப் போகிறது, ஏதோ நல்ல வார்த்தை சொல்லப் போகிறார் என்று நானும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

"இந்தச் சுவர் எப்பலேருந்து இந்தக் கலர்ல இருக்கு?" என்றார்.

அன்று ஆரம்பித்ததுதான். ஃபேன் இறக்கையில் தூசி. டம்ளர் விளிம்பில் விரல் ரேகை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒட்டடை. காலண்டர் அரை விரற்கடை கோணல். மாமா ஓய்வு பெறும்வரை அச்சகத்தில் பிழை திருத்தியவர். தாளில் பிழை தேடிய கண், தாள் கிடைக்காததால் வீட்டைத் திருத்த ஆரம்பித்துவிட்டது. நானும் என் கணவரும் எங்களுக்குள் அவருக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்தோம். "இன்ஸ்பெக்டர் எழுந்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் காலையில் சமையலறைக்குள் போவேன்.

எங்களுக்குக் கீழே கண்ணாடிக்கடை, மேலே வீடு. கண் பரிசோதிப்பது நான். பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் மாட்டுவது என் கணவர். மாமா சாப்பிட்ட நேரம், தூங்கிய நேரம் போக மீதி நேரமெல்லாம் கடையில்தான் உட்கார்ந்திருப்பார். வருகிற கூட்டத்துக்கு அறிவுரை சொல்வதாக அவர் நினைப்பு.

கிரகணம் வருகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, எங்களுக்கு வழக்கமாக ஃபிரேம் கொண்டுவருகிற ஆள் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அட்டைச் சட்டம் போட்ட கிரகணக் கண்ணாடிகள். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று பிலிம். நான் சும்மா வாங்கி விற்றுவிடவில்லை. கடையில் ஒரு சின்ன மெஷின் இருக்கிறது. கூலிங் கிளாஸ் வாங்க வருகிறவர்கள் முன்னால் லென்ஸை அதில் வைத்துக் காட்டுவோம். புற ஊதாக் கதிரை லென்ஸ் தடுத்தால் பச்சை விளக்கு எரியும், விட்டுவிட்டால் சிவப்பு. பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பச்சை. மனசு நிறைந்துபோய் கடை வாசலில் பலகை எழுதி வைத்தேன்: 'சோதித்துப் பார்த்த கண்ணாடி இங்கே கிடைக்கும்.'

முதல் கண்ணாடியை மாமாவுக்குத்தான் கொடுத்தேன். புதுக் கண்ணோடு பார்க்கப் போகிற முதல் கிரகணம். வெறும் கண்ணால் அண்ணாந்து பார்த்துத் தொலைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் அதை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்று வழக்கம்போல ஒரு சுற்று சுற்றினார்.

"இதுல அந்த மூலை பல்பு தெரியுதேம்மா" என்றார்.

எனக்கு எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. அன்று காலையில்தான் குளியலறைக் குழாயில் உப்புப் படிந்திருக்கிறது என்று அரை மணி நேரம் பாடம் எடுத்திருந்தார்.

"மாமா, மெஷின்ல வச்சுப் பார்த்தாச்சு. உங்க அளவுக்குக் குறை கண்டுபிடிக்க அதுக்குத் தெரியாது" என்றேன்.

என் கணவர் பின்னால் நின்று சிரித்தார். மாமா கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கிரகணத்தன்று காலை, கடையைத் திறந்தவுடன் பக்கத்துப் பள்ளிக்கூடத்து சயின்ஸ் டீச்சர் வந்தார். படிக்கிற கண்ணாடி செய்யக் கொடுத்திருந்தார், அதை வாங்கிப் போக. கழுத்தில் ஒரு பழைய கிரகணக் கண்ணாடி தொங்கியது. முன்னொரு கிரகணத்துக்கு வாங்கி, கீறல் படாமல் உறைபோட்டு வைத்திருந்ததாம். வாசல் பலகையைப் பார்த்துவிட்டு, "உங்களுதையும் காட்டுங்களேன்" என்றார். மிச்சமிருந்ததில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மாட்டிக்கொண்டு, எழுத்து எரிகிற விளக்குப் பெட்டியின் பக்கம் திரும்பினார். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களை நாங்கள் படிக்கச் சொல்கிற பெட்டி அது.

டீச்சர் மெதுவாகப் படித்தார். முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவது வரியிலும் பாதி.

"இதைப் போட்டுப் பாருங்க" என்று கழுத்தில் தொங்கிய தன் பழைய கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

என் மூக்குக் கண்ணாடிக்கு மேலேயே போட்டேன். கடையே இல்லை. விளக்குப் பெட்டி இல்லை, டீச்சர் இல்லை, என் கையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாலும் இல்லை.

"சூரியனைத் தவிர வேற எதுவும் தெரியக் கூடாது. அதுதான் சரியான கண்ணாடி" என்றார் டீச்சர்.

"ஆனா மெஷின் பச்சை காட்டுச்சே..."

"அந்த மெஷின் எதையெல்லாம் பார்க்கும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். புற ஊதாவை மட்டும். வெளிச்சம் எவ்வளவு போகிறது, சூடு எவ்வளவு போகிறது என்பதை அது பார்க்காது. அதைச் செய்தவர்கள் கூலிங் கிளாஸுக்காகச் செய்தார்கள். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு யாரும் சூரியனை முறைத்துப் பார்ப்பதில்லை. இது எனக்குத் தெரியாத விஷயமா? பரீட்சையில் எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறேன். தினம் தினம் பச்சை விளக்கைப் பார்த்துப் பார்த்து, பச்சை எரிந்தால் நல்லது என்று புத்தி அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

அதைவிட மோசமான இன்னொன்றும் எனக்குத் தெரியும். வெறும் கண்ணால் சூரியனைப் பார்த்தால் கூசும், தானாகத் திரும்பிவிடுவோம். இந்த மாதிரி அரைகுறைக் கறுப்பு கூச்சத்தை எடுத்துவிடும். உள்ளே கண்ணின் பாவை நன்றாகத் திறந்துகொள்ளும். சுகமாகப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அடியில் விழித்திரை வெந்துகொண்டிருக்கும், அதற்கு வலி தெரியாது.

"என்னங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் என் கணவர் தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

கண்ணாடி வாங்கினவர்கள் எல்லோரும் எங்கள் வாடிக்கையாளர்கள்தான். எல்லோருடைய நம்பரும் அவர் போனில் இருந்தது. அவர் கூப்பிட ஆரம்பித்தார். டீச்சர் தெருவில் இறங்கினார், ஒரு வீடு விடாமல் தட்டிச் சொல்கிறேன் என்று. நான் மாமாவைக் கூப்பிட்டேன்.

போன் தலைக்கு மேலே அடித்தது. மாடியில், எங்கள் வீட்டுக்குள்ளேயே. மாமா போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

அவர் எங்கே போயிருப்பார் என்பதில் சந்தேகமில்லை. ஆற்றுப் பாலத்தை ஒட்டிய விளையாட்டு மைதானம். தினம் காலையில் அவரோடு நடக்கிற கிழட்டுப் பட்டாளம் அங்கேதான் கூடும். கிரகணம் பிடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஸ்கூட்டர் சாவியை எடுக்கப் போன கை, பக்கத்தில் கிடந்த துளைத் தகட்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டது. பார்வை மங்கலென்று வருகிறவர்களிடம், 'இது வழியாப் பாருங்க, தெளியுதா?' என்று கேட்போமே, ஊசித் துளைகளாகப் போட்ட கறுப்புத் தகடு, அதுதான். ஏன் எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். கை பரபரத்தது, அவ்வளவுதான்.

போகிற வழியில் சிக்னல் எல்லாம் எனக்காகவே சிவப்பானது. பச்சை விழுந்தபோது அந்தப் பச்சையைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. முன்னால் ஒரு லாரி அசையமாட்டேன் என்று நின்றது. டிரைவர் கதவைத் திறந்து எட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேலே பார்க்காதீங்க, கண்ணு போயிடும்! ரோட்டைப் பாருங்க!" என்று கத்தினேன். "காலங்காத்தால உனக்கென்னம்மா வந்துச்சு?" என்றார் அவர். எனக்கு என்ன வந்தது என்று சொல்ல நேரமில்லை. வெயிலின் நிறம் லேசாக மாறியதுபோல இருந்தது. பிரமையா, நிஜமா என்று மேலே பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

ஸ்கூட்டரை மைதானத்து வாசலில் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் பெரியவர்கள் வரிசையாக நின்றார்கள். ரேஷன் வாங்குகிறவர்களின் ஒழுங்கோடு நின்றார்கள். ஒரே ஒரு கண்ணாடி, அதற்கு அத்தனை பேரும் காத்திருந்தார்கள். வரிசைக்கு முன்னால், கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி, வாயை லேசாகத் திறந்தபடி என் மாமா.

"மாமா! கழட்டுங்க!"

அவர் திரும்புவதற்குள் நானே பிடுங்கிவிட்டேன். அட்டை கிழிந்து இரண்டானது.

"என்னம்மா இது? இப்பத்தான் ஓரத்துல கடிச்சிருக்கு..." என்று கண்ணைச் சிமிட்டினார்.

"எவ்வளவு நேரம் பார்த்தீங்க?"

"இப்பத்தான். ஒரு வாய் காபி குடிக்கிற நேரம் இருக்கும்."

"அவரு காபி குடிக்கிற நேரம் எங்களுக்குத் தெரியும்மா. எங்க முறை வரவே இல்ல" என்றார் வரிசையில் அடுத்து நின்றவர்.

எனக்கு மூச்சு வாங்கியது. வந்த கோபம் என் மேல் வந்ததா அவர் மேல் வந்ததா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கையில் கிடைத்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்குத்தான் அன்னைக்கே சந்தேகம் வந்துச்சே மாமா! பல்பு தெரியுதுன்னு சொன்னீங்களே! வீட்டுல ஒரு டம்ளரைக்கூட விடாம குறை சொல்றவரு, இதை மட்டும் ஏன் வாயை மூடிக்கிட்டுப் போட்டீங்க?"

மாமா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீ பார்த்துக் குடுத்ததாச்சேம்மா. அதுக்கு மேல நான் என்ன பார்க்குறது?" என்றார். பிறகு அந்தப் பெரியவர்கள் பக்கம் கையைக் காட்டினார். "இவங்ககிட்டயும் அதைத்தான் சொன்னேன். என் மருமக சோதிச்சதுன்னு."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாமா கண்ணைக் கசக்கினார். "நடுவுல பச்சையா ஒரு பொட்டு நிக்குது. இப்பப் போயிடும்" என்றார். கொஞ்ச நேரத்தில், "போயிடுச்சு" என்றார். போய்விட்டதா, எனக்காகப் போய்விட்டது என்கிறாரா?

கிளம்பலாம் என்று கையைப் பிடித்தால் மனுஷன் நகரவில்லை. "இவ்வளவு பேரையும் ஏமாத்திட்டா போறது? ஏதாவது வழி பண்ணும்மா" என்றார். வழி என் கையிலேயே இருந்தது. எல்லோரையும் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன். ஒருவரை அவர் கொண்டுவந்த செய்தித்தாளின் வெள்ளை ஓரத்தை விரித்துப் பிடிக்கச் சொன்னேன். துளைத் தகட்டைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். தாளின் மேல் குட்டிக் குட்டியாகச் சூரியன்கள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஒரு கடி.

"ஏய், அப்பளத்தைக் கடிச்ச மாதிரி!" என்றார் ஒருவர். குழந்தைகள் மாதிரி தள்ளிக்கொண்டு பார்த்தார்கள். மாமாவும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். வானத்தில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, ஒளி பாய்ச்சி, நிதானமாகப் பார்த்தார். "இப்ப ஒண்ணும் தெரியல. ஆனா சில பேருக்கு உடனே தெரியாது. ராத்திரி தாண்டிக் காலையில எழுந்தா பார்க்குற இடத்துல நடுவுல மங்கலா ஒரு பொட்டு நிக்கும். நேரா பார்க்குறது தெரியாது, சுத்தி எல்லாம் தெரியும். காலையில என்ன சொல்றார்னு பாருங்க, எப்படி இருந்தாலும் கூட்டிட்டு வாங்க" என்றார். மருந்து ஏதாவது என்று கேட்டேன். இதற்கென்று மருந்து இல்லை என்றார்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் வாசலிலேயே நின்றார். விற்றவை எல்லாம் திரும்பி வந்துவிட்டன, யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை என்றார். ஊருக்கெல்லாம் சொல்லிக் காப்பாற்றியாகிவிட்டது. முதல் கண்ணாடி வாங்கினவர் மட்டும் என் வீட்டில்.

மருந்தின் கூச்சம் தெளிந்த பிறகு, சாயங்காலம் மாமாவைக் கடையில் உட்காரவைத்து ஒரு கண்ணை மறைத்தேன். விளக்குப் பெட்டியின் ஸ்விட்சைத் தேடும்போதே அவர் கடகடவென்று படிக்க ஆரம்பித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"மாமா, நான் இன்னும் லைட்டே போடல."

"தினம் இதுக்கு எதிர்லதானே உட்கார்ந்திருக்கேன்" என்றார் அசடு வழிய. "ஆனா எனக்கு எல்லாம் தெரியுதும்மா. ஒண்ணும் இல்ல. நீ போய்ச் சாப்பிடு."

என் கணவர் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "அப்பாகிட்ட கேட்காதே. தெரியலன்னா நீ அழுவேன்னு தெரியும். கேட்கக் கேட்கத் தெரியுதுன்னுதான் சொல்லுவாரு."

அதுதான் என்னைப் படுத்தியது. கேட்டு வாங்குகிற பதிலை நம்ப முடியாது. மாமா அன்று இரவு முழுக்க ஒரு குறையும் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. மின்விசிறியை அண்ணாந்து பார்க்கவில்லை. 'நல்லா இருக்கும்மா, நல்லா இருக்கும்மா' என்று சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். என் கல்யாண வாழ்க்கையில் அந்த மாதிரி பயங்கரமான சாப்பாட்டு நேரத்தை நான் பார்த்ததில்லை.

தூக்கம் வராமல் புரண்டு, விடிந்தும் விடியாமல் எழுந்துவிட்டேன். உட்கார முடியவில்லை. துடைப்பத்தை எடுத்தேன். கூடத்தைப் பெருக்கினேன், துடைத்தேன், ஃபேன் இறக்கையைத் துடைத்தேன், ஒட்டடை அடித்தேன், டம்ளர்களை எல்லாம் சாம்பிராணி போட்ட வீடு மாதிரி பளபளக்கத் தேய்த்தேன் என்று சொன்னால் உளறலாகத்தான் இருக்கும், ஆனால் அன்று நான் செய்ததெல்லாம் உளறல்தான். காலண்டரை நேராக்கினேன். குழாயில் படிந்த உப்பைச் சுரண்டினேன். கை ஓய்ந்து நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. அடிப்பாவி, மாமா கண்டுபிடிக்க வீட்டில் ஒரு அழுக்கைக்கூட மிச்சம் வைக்கவில்லையே!

காலண்டரை மறுபடி கோணலாக்கலாமா என்று போனேன். அதற்குள் அவர் அறைக் கதவு திறந்தது.

மாமா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காபியை வைத்தேன். குடித்தார். செய்தித்தாளை விரித்துப் பிடித்தார். படிக்கிறாரா, பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கிறாரா? பக்கம் திருப்பவில்லை. எனக்கு அவர் எதிரில் உட்காரவும் முடியவில்லை, விட்டுப் போகவும் முடியவில்லை. அவர் தாளைக் கீழே இறக்கி என் முகத்தையே பார்த்தார். பார்த்தார் என்றுதான் தோன்றியது. சுற்றி எல்லாம் தெரியும், நடுவில் தெரியாது என்று டாக்டர் சொன்னாரே. நடுவில் இருப்பது நான்.

"என்ன மாமா?" என்றேன்.

"ஒண்ணும் இல்லம்மா."

"சொல்லுங்க."

"வேணாம். நேத்துலேருந்து உனக்கு மனசு சரியில்ல."

"மாமா, எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. எனக்குத் தாங்காது."

அவர் தாளை மடித்து மேஜையில் வைத்தார். பெருமூச்சு விட்டார்.

"நேத்துலேருந்து வாயைக் கட்டிட்டு இருக்கேன். முடியல. நீ கண்ணாடிக்கடை வச்சிருக்கே. ஊருக்கெல்லாம் லென்ஸைத் துடைச்சுக் குடுக்குறே. உன் கண்ணாடியில இடது பக்கம் கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கு. வலது பக்கம் கீழே வெள்ளையா உப்புக் கோடு. அழுதுட்டு அப்படியே காயவிட்டியா? இதைப் போட்டுக்கிட்டு எப்படிம்மா உனக்குக் கண்ணு தெரியுது?"

நான் அசையவில்லை.

"இடது கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க மாமா" என்றேன்.

உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "ரேகைதான்."

"இப்ப வலது கண்ணை."

"இந்தக் கண்ணாலயும் ரேகைதான். கையைக் குடு, எந்தக் கையின்னுகூடச் சொல்றேன்." பிறகு, வாய் திறந்தது திறந்ததுதான் என்று நினைத்தாரோ என்னவோ, என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஒட்டடை அடிச்சியே, அந்த மூலையில ஒரு நூல் விட்டுப் போச்சு. ஃபேன்ல ரெண்டு இறக்கைதான் துடைச்சிருக்கே. மூணாவது அப்படியே இருக்கு."

கண்ணாடியைத் துடைக்க எடுத்த கையை அப்படியே இறக்கிக்கொண்டேன். அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னும் சொல்லுங்க மாமா" என்றேன்.